முதல் வரியில் காக்கை

அநியாயம் நடந்தது காக்கைக்குத்தான். வருடத்தில் எத்தனை இனப் பறவைகளைப் பார்த்தோம் என்று நோட்டில் எழுதிவைக்கும் பக்தவத்சலம், ஜனவரி ஒன்றாம் தேதி அவளை முதல் வரியில் எழுதினார். அதோடு சரி. வருடம் முழுக்க அவள் அவர் ஜன்னலில் உட்கார்ந்து கத்தியும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒரு இனத்துக்கு ஒரு தடவைதான் அக்கா. அதான் விதி” என்றது நோட்டு.

“யார் போட்ட விதி? என்னைக் கேட்டாங்களா?”

அடுத்த ஜனவரி ஒன்றாம் தேதி, தெருவிலிருந்த அத்தனை காக்கைகளையும் திரட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பக்தவத்சலம் பைனாகுலரும் கையுமாக மொட்டை மாடியெல்லாம் காக்கையைத் தேடினார்.

“வந்துடு அக்கா! முதல் வரி உனக்காகக் காலியா கிடக்கு” என்று கெஞ்சியது நோட்டு.

“டிசம்பர் வரைக்கும் கிடக்கட்டும்டா. எழுதிட்டா அப்புறம் யாரு என்னைத் தேடுவா?”