அப்பாவின் கேமராவில் தெரிந்தவள்

வாய் பேசாமலே மனிதர்கள் எதையெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஆராயும் இடத்தில் அவளுக்கு வேலை. ஆய்வுக்கு ஆள் கிடைக்காத ஒரு வாரத்தில், கேமரா வைத்த கண்ணாடிகளை அப்பாவுக்கும் தனக்கும் மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். அப்பா ஒரு மாப்பிள்ளையின் படத்தைத் தட்டருகே தள்ளினார். வேண்டாம் என்று நூறு தடவை சொல்லி அலுத்துப்போனவள், கல்லாட்டம் இருந்தாள். அவரோ சிரித்தபடி எழுந்து போனார்.

மறுநாள் இரண்டு பதிவுகளையும் ஓடவிட்டாள். தலை அசைந்தால் அவரவர் கேமராவில் காட்சி குலுங்கும். அவளுடையதில் குலுக்கமே இல்லை. அப்பாவுடையதில், எதிரே இருந்த அவள் மேலும் கீழுமாக மூன்று முறை தலையசைத்தாள்.

"மூணுதான், நானும் எண்ணிட்டேன்," என்றாள் பக்கத்து மேசைத் தோழி. "இங்க புலி, அப்பா முன்னாடி பூனையாடி நீ?"

வீட்டில் அப்பா போனில் கல்யாணத்துக்கு நாள் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணாம்ப்பா. நான் எப்ப சரின்னேன்?" கழுத்து வலிக்க இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள்.

"வாய் அப்படித்தான் பேசும்," என்றார் அப்பா, அவளையே பார்த்துச் சிரித்தபடி.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்டி, புரியுது. எத்தனை வாட்டி சரி சொல்லுவ?"