உள்ளங்கையில் ஒரு பிடி பஞ்சு

பழைய செய்தித்தாளை அரைத்து, வெயில் சூடு வீட்டுக்குள் இறங்காமலிருக்கக் கூரைக்கடியில் நிரப்பும் பஞ்சாக்குகிற பட்டறையில் இயந்திரம் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. தகரத்தின் ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் சாம்பல் நிறத் தூசி அவசரமில்லாமல் சுழல்கிறது. பட்டறைக்காரி ஒரு பிடி பஞ்சை இடது உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் கேஸ் டார்ச்சின் நீலச் சுடரைப் பிடித்திருக்கிறாள். எதிரே அவள் கொழுந்தன். அவன் கட்டும் வீட்டில், கைக்குழந்தை தூங்கப்போகும் அறைக்கு மேலே இதைத்தான் நிரப்ப வேண்டும் என்கிறாள். “பேப்பர் எரியாதுன்னு யாருக்கு அண்ணி காது குத்துறீங்க?” என்று கேட்டவன், இப்போது மூச்சுவிட மறந்து குனிந்திருக்கிறான். பஞ்சு சிவக்கிறது, கருகுகிறது, தீ மட்டும் பற்றவில்லை. டார்ச்சை அணைத்ததும் அந்தச் சிவப்பும் அடங்குகிறது. கருகலை அவன் நகத்தால் பெயர்த்துப் பார்க்கிறான். அடியில் பஞ்சு அப்படியே இருக்கிறது. ஒரு துணுக்கில் ‘மழை’ என்று படிக்கக்கூட முடிகிறது. “போராக்ஸ் உப்பு கலந்திருக்கேன், தம்பி. அதான்.” அவனுக்குப் போதவில்லை. “உங்க கை காய்ச்சுப்போன கை. என் கையில வைங்க.” அவள் புதிதாக ஒரு பிடி எடுத்து வைக்கிறாள். அவன் கண்ணை இறுக மூடித் தோளைக் காதுவரை தூக்குகிறான். “ஐயோ, சுடுது அண்ணி, சுடுது!” “கண்ணைத் தொறங்க தம்பி. நான் இன்னும் பத்தவே வைக்கல.” அவன் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறான். டார்ச் மேசைமேல் கிடக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீட்டிய கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை. “சரி, இப்ப பத்த வைங்க” என்கிறான், மற்ற கண்ணையும் திறந்து.