பருவும் பயமும்

தோல் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டுவதையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் எண்ணெய் வழியும் முகத்தில் மூன்று மாதமாகப் பருக்கள் பெருகிக்கொண்டே போயின.

“வைட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிடுறியாம்மா?”

“சத்தியமா இல்ல டாக்டர்.”

“எங்கிட்ட மறைக்காத. பி12 எக்கச்சக்கமா ஏறியிருக்கு. சிலருக்கு அதுவே பருவைக் கிளப்பிவிட்டுடும்.”

மகள் அழுதேவிட்டாள். “நீயாவது சொல்லும்மா. மாத்திரைன்னாலே நான் ஓடுவேனே!”

அம்மா, மகளின் முகத்தைப் பார்க்கவே பயந்து, டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

“அவ பொய் சொல்லல டாக்டர். மாத்திரைன்னா ஓடுறாளேன்னு, பரு போகணும்னு நான்தான் வைட்டமின் மாத்திரையைத் தினமும் பால்ல பொடிச்சுக் கலந்து கொடுத்தேன். குறையலையேன்னு போன மாசத்துலேர்ந்து ரெண்டா போட்டேன்.”