நாக்கு மறைத்த சொத்தை

கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை தொடங்கியிருந்தது. டாக்டர் குடையவில்லை, ஊசி போடவில்லை. ஒரு சொட்டு மருந்தைத் தடவி அனுப்பிவிட்டார். சொத்தை அதோடு நின்றது. ஆனால் அந்த இடம் மட்டும் மை வைத்ததுபோல் கறுத்துவிட்டது.

"யார் கண்ணு படப்போகுதுன்னு உனக்குத் திருஷ்டிப் பொட்டு?" என்று பக்கத்துப் பல் சிரித்தது.

சில மாதங்களில் சிரித்த பல்லிலும் ஒரு சொரசொரப்பு. நாக்குக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

"நாக்கண்ணே, எனக்கு அந்தக் கறுப்பு வேண்டாம். டாக்டர் பார்க்கறப்ப என்னை மறைச்சுக்குங்க."

பாவம் என்று நாக்கு மறைத்துக்கொண்டது. அடுத்த முறை போனபோது அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

இப்போது அங்கே வெறும் குழி.

"அங்கேதான் யாரும் இல்லையே, ஏன் போய்ப் போய்த் தடவுறீங்க அண்ணே?" என்றது கறுப்புப் பல்.

"தெரியும்ப்பா" என்றது நாக்கு. சொல்லிவிட்டு மறுபடியும் அங்கேதான் போனது.