வித்தவன் நேர்ல வரணும்

“முழுப் பணத்தையும் திருப்பித் தாரோம்ங்கிறாக. மேற்கொண்டு நஷ்டஈடும் உண்டு. இன்னும் என்னதான் ஐயா வேணும் ஒங்களுக்கு?”

நுகர்வோர் கோர்ட் வராந்தாவில் வக்கீல் கிருபா கிட்டத்தட்டக் கெஞ்சினாள். பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த வெள்ளைத்துரை, தேய்த்துப் போட்ட சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டார்.

“பணம் யாருக்கு வேணும் தாயி? வித்தவன் நேர்ல வரணும். என் முகத்துக்கு நேரா நிக்கணும். அம்புட்டுத்தான்.”

“வக்கீல் வந்தாப் போதும்னு சட்டத்துலயே இருக்கு. ஓனரைக் கையப் பிடிச்சா இழுத்துட்டு வர முடியும்?”

“அப்பக் கேஸு நடக்கட்டும்.”

சிவகாசி ரோட்டில் பழைய கார் விற்கும் கம்பெனி ஒன்றில் வாங்கிய வண்டி அது. எங்கேயும் அடிபடாத வண்டி என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். ஆமத்தூர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் டென்னிஸ் பெயிண்டைச் சுரண்டியதும் குட்டு உடைந்தது. முன்பக்கம் நொறுங்கி, அடிச்சட்டமே வளைந்து, பட்டி போட்டு மெழுகிய வண்டி.

பழைய வண்டியே ஆனாலும் அடிபட்டதை மறைத்து விற்கக் கூடாது, கொடுத்த பணத்தையும் பட்ட மனவேதனைக்கு நஷ்டஈட்டையும் சட்டப்படி கேட்கலாம் என்று கிருபா முதல் நாளே விளக்கிச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நோட்டீஸு ஓனர் கைக்குத்தான போகும்?”

போனது. ஆனால் வந்தது எதிர்த்தரப்பு வக்கீல் பாண்டிச்செல்வம்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெள்ளைத்துரை முதல் பஸ்ஸைப் பிடித்து, கதவு திறக்குமுன்பே வந்துவிடுவார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கழுத்து திரும்பும். வக்கீலின் கறுப்புக் கோட்டைக் கண்டதும் பழையபடி நேராகிவிடும்.

“வீட்டு வாசல்ல காரை நிப்பாட்டிட்டு பஸ்ல வாரீகளே!” இன்றும் கிருபா சீண்டிப் பார்த்தாள்.

“அடிபட்ட வண்டியில ஏறச் சொல்றியாக்கும்?”

“தொணைக்கு யாரையாவது கூட்டிட்டு வரலாம்ல?”

“யார் வாசல்லயும் போயி நின்னு கூப்பிட்டுப் பழக்கமில்ல தாயி. எங்க வம்சத்துக்கே கெடையாது.”

சொல்லும்போது தலை நிமிர்ந்துதான் இருந்தது. மனைவி பேச்சியம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டில் கழுவி வைக்க ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் என்பதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. தீபாவளி சீசனில் தெருவே பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடும். பகல் முழுக்க அவர் இருமலுக்கு அவர் காதுதான் துணை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “புகார்தாரர் வெள்ளைத்துரை! எதிர்த்தரப்பு வெ. மணிகண்டராஜ்!”

இருவரும் உள்ளே போனார்கள். வழக்கம்போல பாண்டிச்செல்வம் எழுந்தார். இன்றைக்கு அவர் பின்னாலேயே இன்னொருவனும் அவசரமாக உள்ளே வந்தான். காதோரம் நரைக்கத் தொடங்கிய ஆள்.

“ஓனரே வந்துட்டார் மேடம். பெரியவர் இனியாவது மனசு எறங்கட்டும்,” என்றார் பாண்டிச்செல்வம், பாதி கிண்டலாக.

கிருபா வெள்ளைத்துரையின் காதருகே குனிந்தாள். “கேட்டபடி ஆள் வந்தாச்சு. விடாதீக, நறுக்குன்னு நாலு கேள்வி கேளுங்க.”

அவர் வந்தவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அது போதாததுபோல் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். முன்னாலிருந்த மேசை விளிம்பை அவர் கை இறுகப் பிடித்திருந்தது.

ஆணையத்தின் தலைவரான அம்மையார் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

“சொல்லுங்க பெரியவரே. ஓட்டும்போது வண்டியில என்ன தொந்தரவு? ஒரு பக்கமா இழுக்குதா, ஸ்டியரிங் ஆடுதா?”

வெள்ளைத்துரையின் கண் வந்தவனை விட்டு நகரவில்லை. பக்கத்திலிருந்த கிருபா, “சொல்லுங்கய்யா,” என்று முணுமுணுத்தாள்.

“அவுகளுக்குக் கார் ஓட்டத் தெரியாது மேடம்.”

சொன்னவன் மணிகண்டராஜ். பாண்டிச்செல்வமே திடுக்கிட்டுத் தன் கட்சிக்காரனைப் பார்த்தார்.

“சைக்கிளத் தவிர எதையும் தொட்டதில்ல. வாங்குறப்பவே அடிபட்ட வண்டியாப் பாத்துத்தான் வாங்கியிருப்பாக.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் தலைவர்.

அவன் பெரியவர் பக்கம் திரும்பினான்.

“‘வாலே’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனாப்பா?”