திரும்பி வந்த கோடுகள்

"அந்த இஸ்திரிக்காரியை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்கம்மா. இல்லைன்னா நான் கிளம்பறேன்."

ஸ்கேல் அக்கா மேஜையைத் தட்டியே சொல்லிவிட்டாள்.

குவில்ட் போர்வை தைக்கும் அந்தப் பட்டறையில் ஸ்கேல் வைக்காமலே துணி மீது நேராகக் கோடு போடுவது அவள் வேலை; அதனால்தான் அந்தப் பேர். இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறாள். அவள் கோட்டைப் பார்த்துத்தான் மெஷின்காரர்கள் ஊசியை இறக்குவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத்தான் இல்லை?

மேஜையில் ஒரு வெள்ளைக் குவில்ட் விரிந்து கிடந்தது. குளிர் நாட்டுக்கு விமானத்தில் போய், வாங்கியவர் கடுப்போடு திருப்பி அனுப்பியது. போர்வை முழுக்க நீலக் கோடுகள்.

"சூடு பட்டா அழியற பேனான்னுதானே வித்தான்? அயர்ன் பண்ணி, கோடு போயிடுச்சான்னு பார்த்துத்தானே பேக் பண்ணோம்?" என்றாள் முதலாளியம்மா.

பேனா டப்பாவைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"கடுங்குளிர் பட்டா மறுபடி தெரியும்னு போட்டிருக்கான் பாவி! சரி, அது என் தப்பு. நான் படிக்கலை. ஆனா அப்பவும் ஒரு கோடுதானே வரணும்? எதுக்கு ரெண்டு ரெண்டா வந்திருக்கு?"

அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. ஒவ்வொரு தையலுக்கு அடியிலும் அழகாக ஒரு நேர்க்கோடு. அதை ஒட்டியே இன்னொன்று, குடித்துவிட்டு நடப்பவன் மாதிரி கோணல்மாணலாக.

"நான் ஒரு தடவைதான் போடுவேன். அழிச்சு அழிச்சுப் போடற பழக்கமே என்கிட்ட கிடையாது," என்றாள் அக்கா. "இவதான் தினமும் அரைமணி முன்னாடியே வந்து உட்கார்ந்துக்கறா. நாம வரும்போதே இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு. எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்மா."

இஸ்திரிப் பெண் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள்.

"என்னம்மா, அக்கா சொல்றது நிஜமா?"

"ஆமாம்மா. கோணல் கோடு நான் போட்டது. கோடு போடக் கத்துக்கலாம்னு ஆசை. வெறும் துணில போட்டுப் பார்த்தேன். சரியா வரலை. தேச்சு அழிச்சுட்டேன். அதுக்கு மேலதான் அக்கா நேரா போட்டாங்க."

"ஏற்றுமதிக்குப் போற துணியிலயா பழகறே? நாளையிலேர்ந்து வராதே. அக்கா, இதை நீங்களே தேச்சுக் கொடுத்துடுங்க."

அக்காவுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. பெட்டியைச் சூடாக்கிப் போர்வையில் வைத்தாள். நேர்க்கோடும் கோணல் கோடும் சேர்ந்தே மறைந்தன.

ஆனாலும் மனசுக்குள் ஏதோ நெருடியது. இந்தத் துணி வெட்டின கையோடு நேராகத் தன் மேஜைக்குத்தானே வந்தது? கோடு போட்டு முடித்துவிட்டுத்தானே வீட்டுக்குப் போனோம்? தனக்கு முன்னால் இவளுக்கு ஏது வெறும் துணி?

எவ்வளவு யோசித்தாலும் கணக்கு உதைத்தது.

கடைசி ஓரம் வந்தது. கோணல் கோடுகளின் முனையில் ஏதோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அக்கா குனிந்தாள். தெரியவில்லை. இன்னும் குனிந்தாள். மூக்கு துணியைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. ஏழுக்கு இடுப்பில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. இந்தப் பட்டறையில் ஏழாம் எண்ணை அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான்.

அது அக்காவேதான்.

பக்கத்தில் இஸ்திரிப் பெண் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எதைப் பார்க்கிறாள் என்று கவனித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"அந்த ஓரத்தையும் தேச்சிடுங்கக்கா. யாரும் பார்க்கலை."

"எத்தனை நாளாடி?"

"எட்டு மாசமா. காலைல வந்து கோணலைத் தேச்சு அழிச்சுட்டு, நேரா போட்டு வெச்சுடுவேன். டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்கன்னு சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன். நீங்க திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

"அதுக்காக? உன் வேலையில்ல போச்சு?"

"எனக்கு வேற எங்கயாவது கிடைக்கும்கா. இந்த வயசுல உங்களை யாரு எடுப்பாங்க?"

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்மேலேயே அப்படி ஒரு கோபமும் வந்தது.

பெட்டி கையில் கனத்தது. ஒரே ஒரு இழுப்பு. அந்த ஏழும் போய்விடும். அப்புறம் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

அறைக்குள்ளிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தாள். "கோடெல்லாம் போயிடுச்சாக்கா?"

அக்கா பெட்டியைத் தூக்கித் தள்ளி வைத்தாள். போர்வையை அள்ளிக்கொண்டு, இஸ்திரிப் பெண்ணின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு, அறை வாசலில் போய் நின்றாள்.

"ஒரு ஓரம் பாக்கி வெச்சிருக்கேன். நீங்களே வந்து பாருங்கம்மா. நேர்க்கோடெல்லாம் இவளோடது. கோணல்தான் என்னோடது."