எட்டு வராத கம்பெனி

"ஏன் சார், உங்களுக்கு ஏழுக்கு மேல எண்ணவே தெரியாதா?"

கேட்டவர் கேமரா கம்பெனியின் புது விற்பனை மேலாளர். தோளில் பை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசிப் பேசியே இந்த நாற்காலிக்கு வந்தவர். கோபம் அவர் மூக்கு நுனியில் வாடகையில்லாமல் குடியிருக்கும்.

எதிரே நின்றவர், புது மாடல்களுக்குப் பேர் வைக்கும் பிரிவின் தலைவர். பிரிவில் அவர் ஒருவர்தான். அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிடுவது, பேர்க்காரர்.

மேலாளர் சுவரில் தொங்கிய பட்டியலைப் பேனாவால் தட்டினார்.

"மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அழகா ஏறுது. அப்புறம் ஏழு. அதுக்கப்புறம்? ஏழு ஏ. ஏழு பி. ஏழு பிளஸ். புதிய ஏழு. ஏழு சூப்பர். பன்னிரண்டு வருஷமா கேமரா மாறுது, படம் தெளிவாகுது, நம்பர் மட்டும் சிமென்ட் போட்ட மாதிரி நிக்குது. போட்டிக் கம்பெனிக்காரன் நாற்பதுக்குப் போயிட்டான். நான் கடையில போய் 'புதுசு வந்திருக்கு'ன்னா, 'மறுபடியும் ஏழா'ன்னு சிரிக்கிறாங்க. எட்டுன்னு வைக்க என்ன கேடு?"

"எட்டு, தூரத்துல பார்த்தா மூணு மாதிரி தெரியும் சார். மூணு ரொம்பப் பழசு."

"அப்ப பத்து."

"ரெண்டு இலக்கம் சார். பட்டன் பக்கத்துல இடம் இல்ல."

"சூப்பர்னு எழுத இடம் இருந்துச்சே?"

பேர்க்காரர் கொஞ்சம் யோசித்தார். "அது சாய்ச்சு எழுதினது சார்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிய கடுப்பில் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

"மூணு மணிக்கு, எட்டுன்னு எழுதின படிவம் என் மேஜைக்கு வரணும். இல்லேன்னா உங்க ராஜினாமா வரணும். எது வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

மூன்று மணிக்கு ராஜினாமாதான் வந்தது. ஒரே வரி.

"ஒரு எட்டைப் போடறதுக்கு இவ்வளவு அழிச்சாட்டியமா?"

மேலாளர் தானே ஒரு படிவத்தை எடுத்தார். 'எட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது நம்பர் என்றால் கீழ்த்தளத்துப் பழுதுபார்க்கும் பிரிவில் முத்திரை வாங்க வேண்டும், அது கம்பெனி வழக்கம். வேறு யாரையும் நம்பாமல் அவரே இறங்கினார்.

கீழே கவுன்ட்டர் முன்னால் நீள வரிசை. முதலில் நின்ற பெண்ணிடம் ஒரு பழைய கேமராவைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் கவுன்ட்டர் அம்மா.

"ஷட்டர் மாத்திட்டேன்மா. இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்."

"நல்லா இருப்பீங்கக்கா. இது படுத்துச்சுன்னா என் ஸ்டூடியோவும் கூடவே படுத்துடும்."

மேலாளர் படிவத்தை நீட்டினார். கவுன்ட்டர் அம்மா படித்தார். முத்திரையைக் கையில் எடுத்தவர், அதைக் குத்துவதற்கு முன் வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏழு வச்சிருக்கவங்க எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னைக்கு முடிஞ்ச வரைக்கும் பார்க்கிறோம். நாளையிலேர்ந்து யாரும் வர வேண்டாம்."

"யாரு சொன்னது அப்படி?" என்றார் மேலாளர்.

"நீங்கதான் சார். உங்க கையெழுத்துதானே இது?"

"நான் எட்டுன்னுதானே எழுதியிருக்கேன்?"

"புது நம்பர் வந்த அன்னையோட பழைய நம்பருக்கு உதிரி பாகம் கிடையாது சார். கம்பெனி சட்டம். இருக்கிறதையும் உடைச்சுக் கொட்டிடணும். ஏழு ஏ, ஏழு பின்னு வர்ற வரைக்கும் எல்லாமே ஏழுதான். பன்னிரண்டு வருஷத்துக் கேமரா வந்தாலும் நாம பாகம் செஞ்சு குடுத்துத்தான் ஆகணும்."

ஸ்டூடியோப் பெண் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சார், என்னுது முதல்ல வந்த ஏழு. 'ஆயுசுக்கும் உழைக்கும்'னு சொல்லித்தானே வித்தாங்க?"

கடை கடையாக ஏறி, வாய் கூசாமல் அப்படிச் சொல்லி விற்றவர் மேலாளரேதான்.

முத்திரைக்கு அடியிலிருந்து படிவத்தை உருவினார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தப்பா எழுதிட்டேன். வரிசையைக் கலைக்காதீங்க."

"அப்ப புதுசுக்கு என்ன பேரு சார்?"

"அதைப் பேர்க்காரரே சொல்லட்டும். முதல்ல ராஜினாமாவைத் திருப்பிக் குடுக்கணும்." சொன்னவருக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. "இதை மேலயே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அந்த மனுஷன்?"

"சொன்னா, ஏழு ஏ-யும் புது நம்பர்தான்னு யாராவது சட்டத்தை மாத்திடுவாங்களே சார்."

"அது சரி. ஏசி ரூம்ல உட்கார்ந்து பேர் வைக்கிற ஆளுக்கு, இந்த வரிசையைப் பத்தி என்ன தெரியும்?"

கவுன்ட்டர் அம்மா முத்திரையை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"ஏழு வந்த அன்னைக்கு, ஆறு வச்சிருந்த நாற்பது பேரை இதே கவுன்ட்டர்ல நின்னு திருப்பி அனுப்பினவர் அவர்தான் சார். மறுநாளே மேல போய், பேர் வைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்டார்."